ஒரு துகள்கூடத் தெரியக் கூடாது

என் அக்காவின் கணவர் போன மாதம் காலமானார். சுவருக்குப் பெயின்ட் அடிப்பது அவர் தொழில். எல்லோரும் அவரைப் பெயின்டர் என்றே கூப்பிட்டார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு அவர் பெயரே தெரியாது. ஆளாளுக்குத் தங்கள் வீட்டுச் சுவரைப் பற்றிச் சொன்னார்கள். குளியலறை மூலையில் அவர் கை வைத்த பிறகு ஓதமே ஏறவில்லை என்றார் ஒருவர். நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் நினைவில் நின்றது ஒரு கேக்.

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் டப்பாவைத் திறக்க மாட்டார். காய்ச்சல் இருக்கிறதா என்று குழந்தையின் நெற்றியைத் தொடுவது போல உள்ளங்கையால் சுவரைத் தடவிப் பார்ப்பார். கையில் பொடி ஒட்டினால் அன்றைக்குப் பெயின்ட் கிடையாது, உப்புத்தாள்தான். வீட்டுக்காரர்கள் முணுமுணுப்பார்கள். காது கேட்காதவர் மாதிரி தேய்த்துக்கொண்டே இருப்பார். அலமாரியை நகர்த்தி அதன் பின்புறச் சுவருக்கும் இரண்டு கோட் அடிப்பார். யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டால், "அலமாரிக்குத் தெரியுமே" என்பார்.

அக்கா குடியிருந்த வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்துதான் அவர் எங்களுக்குப் பழக்கமானார். அக்காவின் முதல் கணவர் நோயில் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரு தையல் கடையில் வேலை பார்த்து மகளை வளர்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இரண்டே அறைகள். அதற்கு அவ்வளவு நாள் எடுத்துக்கொண்ட பெயின்டரை உலகம் கண்டிருக்காது. வேலை முடிந்த பிறகும், காய்ந்துவிட்டதா என்று பார்க்க வந்தார். நன்றாகக் காய்ந்துவிட்டதா என்று பார்க்க மறுபடியும் வந்தார். அக்காவுக்கும் அவரைப் பிடித்திருந்தது. ஆனால் மகள் சம்மதிக்காமல் கல்யாணம் என்ற பேச்சே இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள்.

மகள் அவருக்குச் சுண்ணாம்பு என்று பெயர் வைத்திருந்தாள். அவர் வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

அவளுக்கு ஒன்பது வயது முடிகிற சமயம் அது. முந்தைய வருஷம் அக்கா வீட்டிலேயே சாக்லேட் கேக் செய்து வெள்ளை கிரீம் பூசியிருந்தாள். கேக்கின் பொடியெல்லாம் கிரீமோடு கலந்து, வெள்ளை முகத்தில் பரு வெடித்த மாதிரி ஆகிவிட்டது. வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்கள். இந்த வருஷம் கேக்கே வேண்டாம் என்று அவள் அழுதுகொண்டிருந்தபோது பெயின்டர் வாசலில் நின்றார். யாரும் கேட்காமலேயே, தான் பூசித் தருவதாகச் சொன்னார். சுவரே வழவழவென்று வரும்போது கேக் வராதா என்பது அவர் கணக்கு. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தாள்.

"ஒரு துகள்கூடத் தெரியக் கூடாது. தெரிஞ்சா நீங்க இனிமே இந்த வீட்டுக்கு வரக் கூடாது."

அக்கா அதட்டினாள். அவர் கையை உயர்த்தி அவளைத் தடுத்துவிட்டு, "சரி பாப்பா" என்றார்.

பிறந்தநாள் அன்று சுவரில் பட்டி இழுக்கிற அகலத் தகட்டு பிளேடு புதிதாக ஒன்றும், பெயின்ட் படாத புதுப் பிரஷும் வாங்கி, வெந்நீரில் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்தார். அக்கா செய்து வைத்திருந்த கேக்கை நன்றாக ஆறவிட்டார். மேலே உப்பியிருந்ததைக் கத்தியால் மட்டமாக அறுத்து, உதிர்ந்து கிடந்த பொடியைப் பிரஷால் தட்டினார். வெண்ணெயும் சர்க்கரைப் பொடியும் அடித்த கிரீமை இரண்டு கிண்ணங்களில் பிரித்து வைத்தார். ஒன்றில் விட்ட பிளேடு இன்னொன்றில் படக் கூடாது என்று என்னைக் காவலுக்கு நிறுத்தினார்.

"இது பிரைமர், தம்பி" என்று முதல் கிண்ணத்திலிருந்து மெல்லிசாக இழுத்தார். கேக்கின் நிறம் வெளியே தெரியும் அளவுக்குத்தான் பூச்சு. "பொடியெல்லாம் இதுலயே ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். மேல் கோட்டுக்கு எந்திரிச்சு வராது."

அதுவரை எல்லாம் சரி. அதன் பிறகு, பெயின்டர் ஒருவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய காரியத்தைச் செய்தார். முதல் கோட் காய வேண்டும் என்று கேக்கைத் தூக்கிப்போய் மின்விசிறிக்குக் கீழே வைத்து, வேகத்தை முழுசாகத் திருப்பிவிட்டார். அடுப்பு எரிந்த வீடு, நல்ல வெக்கை. கிரீம் பளபளத்தது, பிறகு நெகிழ்ந்தது, பிறகு ஒரு பக்கமாகச் சரிய ஆரம்பித்தது. காய்ந்ததா என்று விரலால் தொட்டார். விரலோடு வந்துவிட்டது. என்ன இது என்று விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தண்ணீர் குடிக்க வந்த மகள் வாசலில் நின்றாள்.

"என்ன பண்றீங்க?"

"காய வைக்கிறேன்."

"வெண்ணெய் எங்கயாவது காத்துல காயுமா? ஃபிரிட்ஜ்ல வைங்க."

அக்கா எங்கள் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அவள் தோள் குலுங்கியது. அவர் சிரிக்கவில்லை. "ஆமால்ல" என்று பயபக்தியோடு சொல்லிவிட்டு, ஃபிரிட்ஜில் இருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து இடம் பண்ணினார். வழிந்ததைச் சுரண்டிவிட்டு, முதல் கிண்ணத்தில் மிச்சமிருந்ததை மறுபடியும் பூசி உள்ளே வைத்தார்.

வெளியே எடுத்தபோது பூச்சு கெட்டியாக இறுகியிருந்தது. கவிழ்த்து வைத்த ஒரு கிண்ணத்தின் மேல் கேக் தட்டை வைத்து, இரண்டாவது கிண்ணத்துக் கிரீமைத் தாராளமாக அப்பினார். பிளேடை வெந்நீரில் நனைத்துத் துடைத்து, நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு தட்டை மட்டும் சுற்றினார். பிளேடு அசையவே இல்லை. அவர் பூசிய சுவர் மாதிரியே வந்தது. மகள் காலி டம்ளரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்க மறந்திருந்தாள்.

மாலையில் பிள்ளைகள் வந்தார்கள். கேக் சுவரோரம் மேசையில் இருந்தது. கடை கேக்கா என்று ஒருத்தி கேட்டாள். மகள் நிமிர்ந்து நின்றாள். மெழுகுவர்த்தி ஏற்றுவதற்கு முன் பெயின்டர் குனிந்து, வேலை முடிந்த சுவரைப் பார்ப்பது போல டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துக் கேக்கைச் சுற்றிப் பார்த்தார். பின்பக்கம் வந்ததும் டார்ச் நின்றுவிட்டது. நானும் எட்டிப் பார்த்தேன். அடியில், தட்டை ஒட்டி, கடுகு அளவில் ஒரு பழுப்புத் துகள். அந்தப் பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது. அவர் சும்மா இருந்திருந்தால் போதும், யார் கண்ணிலும் பட்டிருக்காது.

"பாப்பா, இங்க வா" என்று கூப்பிட்டார். "இங்க ஒண்ணு நின்னுருச்சு. பேச்சுன்னா பேச்சுதான்."

சொல்லிவிட்டுத் தன் பையைத் தேடினார். அக்கா முகத்தில் ரத்தமே இல்லை. மகள் மேசைக்கும் சுவருக்கும் இடையில் நுழைந்து குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு நகத்தால் அந்தத் துகளைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

"எங்க? ஒண்ணும் காணோமே."

 அவளே மறுபடியும் குனிந்து பார்த்தாள்.

"குழி விழுந்திருக்கு. வந்து பூசிட்டுப் போய்க் கை கழுவிட்டு வாங்க. உங்களுக்கும் தட்டு வைக்கணும்ல."

அவர் பையிலிருந்து பிளேடை எடுத்தார். அதை மறுபடியும் வெந்நீரில் நனைத்துத் துடைத்தார். நகக்கண் அளவுக் குழி. அதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு சுவரையே முடித்திருக்கலாம். அவரை யாரும் அவசரப்படுத்தவில்லை.