நைனாவுக்கு நான் படித்துச் சொன்ன பத்திரம்

எங்கள் அப்பா, நாங்கள் அழைத்தபடி நைனா, பிச்சாட்டூர் அணைக்குப் பக்கத்துச் சிற்றூரில், ஒரு சென்ட் நிலமும் இல்லாத கூலிக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் போனதில்லை. தமிழைப் பெரியவரான பிறகே எழுத்துக்கூட்டிக் கற்றார். தெலுங்கு பேசுவார், படிக்கத் தெரியாது. கல் உடைத்தும் மண் சுமந்தும் சேர்த்ததில் சத்தியவேட்டில் ஐந்து சென்ட் மனை வாங்கினார்.

நகரி அத்தை எங்களுக்கு இரத்த உறவு அல்லர். நைனாவை அண்ணனாக எண்ணியவர். கணவர் இறந்ததும் நான்கு விசைத்தறிகளை விற்று, அந்தப் பணத்தை எங்கள் மனையில் போட்டார். தொழிற்சாலை ஆட்களுக்கென ஆறு வாடகை அறைகள் எழுந்தன. உரிமையிலும் வாடகையிலும் ஆளுக்குப் பாதி என்பது பேச்சு.

ஊர் ஆந்திரத்தில் இருந்ததால் எழுத்தர்கள் பத்திரத்தைத் தெலுங்கில் எழுதித் தந்தார்கள். அத்தைக்கும் அது படிக்க வராது. தெலுங்குப் பள்ளியில் படித்த என்னிடம் நைனா நீட்டினார். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் மேலோட்டமாகப் பார்த்து, "சரியாத்தான் இருக்குது நைனா" என்றேன். இருவரும் தமிழில் கையெழுத்திட்டார்கள். அன்று செவ்வாய்க்கிழமை, என் டைரியில் ஒரே வரி: பத்திரம் படித்தேன், சரி.

நைனா மாதந்தோறும் பஸ் ஏறி நகரிக்குப் போய்ப் பாதி வாடகையைத் தாமே கொடுத்துவந்தார்.

சென்ற ஆண்டு, திருப்பதி மருத்துவமனையில் ஒரு பிற்பகல், "அந்தப் பத்திரத்த முழுசாப் படிடா, கேட்டுக்கினு இருக்கேன்" என்றார். அப்போதுதான் முழுவதும் படித்தேன். அத்தை தந்தது கடன் என்றிருந்தது. பங்கைப் பற்றி ஒரு வரி இல்லை.

"இன்னாடா, நின்னுட்ட?"

"ஒன்னுமில்ல நைனா. பாதிப் பாதின்னுதான் இருக்குது."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் விடியும்போது பேச்சு நின்றிருந்தது, மாலையில் காலமானார். நம்பினாரா, கண்டுகொண்டாரா, எனக்குத் தெரியாது. எந்தக் காகிதத்தைக் கையில் எடுத்தாலும் அந்தப் பார்வை எதிரில் வந்து நிற்கிறது.

பதினாறாம் நாள் அத்தையிடம் சொன்னேன்.

"கடன் வாங்கினவரு மாசாமாசம் தேடி வந்து குடுத்துட்டு, காபி நல்லா இல்லன்னு வேற சொல்லிட்டுப் போவாராடா?" என்றார். பிறகு, "ஆனா மாத்தி எழுதிக் குடு. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. நாளைக்கு உன் புள்ளைங்க அவளை யாருன்னு கேக்கக் கூடாது."

புதிய பத்திரம் பதிவாகிவிட்டது. நைனாவின் இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர் அனைவரும் அறிக: ஆறு அறைகளிலும் பாதி அத்தையுடையது, அவருக்குப் பின் அவர் மகளுடையது. இறுதி ஊர்வலத்தில் நைனாவைத் தோளில் சுமந்த அறைவாசிகளுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அத்தை என்னை மன்னித்துவிட்டார். நைனாவிடம் மன்னிப்புக் கேட்க பத்திரம் படித்த அன்று எனக்கு ஒரு மாலை முழுவதும் இருந்தது. கேட்கவில்லை.