நான் மடித்த பூப்பொட்டலங்கள்

என் மகன் மெக்கானிக்கல் இன்ஜினியர். பெருந்துறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. "நாள் முழுக்க மிசின் நின்ன நேரத்தை கம்ப்யூட்டர்ல ஏத்தறேனுங்கம்மா. படிச்சதெல்லாம் மறந்துபோச்சு" என்பான். வேலையை விட்டுவிட்டு, தாராபுரத்தில் நண்பனோடு சேர்ந்து விவசாயக் கருவிகள் செய்யும் பட்டறை போட ஆசைப்பட்டான். எனக்குப் பயம். அப்போது அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். வேலையை விட்ட பையனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

முடிவெடுக்க முடியாமல், எங்கள் வழக்கப்படி குலதெய்வத்திடம் பூக் கேட்கலாம் என்றான். ஒன்றில் வெள்ளைப் பூ, மற்றதில் சிவப்புப் பூ என்று இரண்டு பொட்டலம் மடித்துச் சாமி முன் வைத்து, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் வேலையை விடலாம், சிவப்பு வந்தால் கூடாது. மடித்து வைத்தது நான். இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு அரளியையே வைத்தேன்.

அவன் ஒன்றை எடுத்துப் பிரித்தான். "சரிங்கம்மா" என்றான். அதன்பிறகு பட்டறைப் பேச்சையே எடுக்கவில்லை. நண்பன் வேறொருவரைச் சேர்த்துக்கொண்டான்.

இரண்டு வருடத்தில் என் மகனின் சிரிப்பும் பேச்சும் குறைந்துபோயின. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாலும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். போன மாதம் தாங்க முடியாமல், "ரெண்டுலயும் சிவப்புத்தான் வெச்சேன். தப்புப் பண்ணிப்போட்டேன் கண்ணு" என்றேன்.

"தெரியுமுங்கம்மா. இன்னொரு பொட்டலத்தை அன்னைக்கே பிரிச்சுப் பார்த்தேன். நீங்க அவ்வளவு பயப்படறப்ப எப்படிங்க விட்டுப்போட்டுப் போறது?"

இப்போது அவன் வேறு வேலை தேடுகிறான். எனக்குப் பயம் வந்தால், "பயமா இருக்குது கண்ணு" என்று நானே சொல்லிவிடுகிறேன். சாமியைச் சொல்ல வைப்பதில்லை.