எங்கள் கூடத்து ஸ்டூடியோ

யுத்தம் முடிந்து கடைகளில் பிலிம் கண்ணில் பட ஆரம்பித்த காலத்தில் என் கணவருக்குப் போட்டோப் பைத்தியம் பிடித்தது. ஆபீஸில் கூட வேலை பார்த்த ஒருவர் வடக்கே மாற்றலாகிப் போகும்போது தன் மடக்குக் காமிராவை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். அதுவரை சாயங்காலம் டிராமில் வந்து இறங்கி, காப்பி குடித்து, கோயிலுக்கு ஒரு நடை போய்விட்டு வந்து படுக்கிற சாது மனிதர். காமிரா வந்ததும் ஆளே மாறிப்போனார்.

முதலில் எல்லோரையும் போல வெயிலில்தான் படம் எடுத்தார். குளக்கரை, கோபுரம், சாந்தோம் கடற்கரையில் கட்டுமரம். அது சீக்கிரம் சலித்துவிட்டது. பாண்டி பஜாரில் ஒரு ஸ்டூடியோ வாசலில் பெரிய பெரிய முகங்களாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டி வைத்திருப்பார்கள். புடவை எடுக்கலாம் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"மூக்கு நிழல் எந்தப் பக்கம் விழறது பாரு. அப்போ லைட் இந்தப் பக்கம், கொஞ்சம் ஒசக்க வச்சிருக்கான்" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா தெரியாது. புடவைக் கடை சாத்துகிற வரைக்கும் மூக்கு நிழல்தான். வெறும் பையோடு வீடு திரும்பினேன். அந்த ஸ்டூடியோக்காரர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூடமே ஸ்டூடியோ ஆயிற்று. மைலாப்பூர் மாடவீதியை ஒட்டிய சந்தில் நீளமும் குறுகலுமான வீடு. பகலிலேயே கூடத்தில் இருட்டாகத்தான் இருக்கும், அதனால் அவருக்கு வசதியாகப் போயிற்று. மண்ணெண்ணெய் டின்னை இரண்டாக வெட்டி, உள்பக்கத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, பெரிய பல்பைச் சுற்றி வளைத்துக் கட்டினார். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று கொடிக்கயிற்றில் தன் எட்டு முழ வேஷ்டியைத் தொங்கவிட்டு, பல்பை அதற்குப் பின்னால் தள்ளினார். வேஷ்டி வழியாக வந்த வெளிச்சம் பால் மாதிரி இருந்தது. முகத்தின் மறுபக்கம் இருட்டடிக்காமல் இருக்க, சமையலறையிலிருந்து பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

"இன்னும் கொஞ்சம் சாய். சாய்ங்கறேன். ஆடாதே" என்று அதட்டுவார். குழம்பு கொதித்து அடுப்பில் வழிந்துகொண்டிருக்கும். "உங்க தாம்பாளமும் நீங்களும்" என்று நானும் விடமாட்டேன். ஆனால் தாம்பாளத்தை ஒரு விரல்கடை சாய்த்தால் எதிரே இருப்பவரின் கண்ணில் உயிர் வருவதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைகால் புரியாது.

தெருவே வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிற்று. யாரிடமும் காசு வாங்க மாட்டார். பதிலுக்கு அவர் சொல்கிற பாடத்தைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். பால்காரரை உட்கார வைத்துக்கொண்டு, வேஷ்டி எதற்கு, டின் எதற்கு, தாம்பாளம் எதற்கு என்று விளக்கிக்கொண்டிருப்பார். "அதுக்கு இன்னா சாமி, மாடு காத்துக்கினு கீது" என்பார் பால்காரர். படம் மட்டும் ராஜா மாதிரி வந்திருந்தது.

என் மாமியார் தனக்குப் படம் வேண்டவே வேண்டாம் என்றார். மாமனார் போய்ப் பல வருஷமாகியிருந்தது. "எனக்கெதுக்குடா இதெல்லாம்" என்று உள்ளே போய்விடுவார். ஜபம் பண்ண உட்கார்ந்திருந்தபோது பிள்ளை கேட்காமலே எடுத்துவிட்டார். நெற்றி விபூதி, கன்னத்துச் சுருக்கம், பாதி மூடிய இமை எல்லாம் கையால் தொடலாம் போல விழுந்திருந்தது. மாமியார் அதைப் பார்த்துவிட்டுப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

மற்றவர்களுக்குச் சுமாராகவாவது வந்த படம் எனக்கு மட்டும் வரவில்லை. இதை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாமல் இருந்தது. என்னைப் பெற்றவள் என்னைப் பெற்ற அன்றே போய்விட்டாள். அவளுக்குப் படம் என்று ஒன்று கிடையாது. கோபாலபுரத்தில் பெரியம்மா வீட்டில் வளர்ந்தேன். வருகிறவர்கள் எல்லாம் என் தாடையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து "அப்படியே அவ அம்மா" என்பார்கள். அது எப்படிப்பட்ட முகம் என்று எனக்குத் தெரியாது. இப்போது எனக்கே ஆறாம் மாசம். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் குழந்தையும் அப்படித்தானே யார் யாரையோ கேட்டுக்கொண்டு நிற்கும் என்று பயமாக இருந்தது. பிரசவத்துக்குப் போவதற்கு முன்னால் என் முகம் தெரிகிற மாதிரி ஒரு படம் வேண்டும். அவரிடம் இதைச் சொல்லியும்விட்டேன். அதற்கப்புறம் அவருக்கு அது விளையாட்டாக இல்லை.

கல்யாணப் படம் ஒன்று கூடத்தில் மாட்டியிருந்தது. நல்ல ஸ்டூடியோக்காரர் எடுத்ததுதான். அதில் என் நகை, புடவை, மாலை எல்லாம் இருக்கும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் மையைக் கொட்டினாற்போல் ஒரு திட்டு. நான் மாநிறம், அதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் அந்தப் படத்தில் இருப்பது நிறம் இல்லை, வெறும் இருட்டு. எனக்குப் போட்டோ முகம் இல்லை என்று தெருவில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

இவர் எடுத்ததும் அப்படியேதான் வந்தது. பல்பை இடப்பக்கம் வைத்தார், வலப்பக்கம் வைத்தார், பரணில் ஏற்றினார். வேஷ்டியை இரண்டு மடிப்பாக்கினார், பிறகு எடுத்தே விட்டார். குளிக்கும் அறையில் பல்பைச் சிவப்புக் காகிதத்தால் சுற்றி, படம் கழுவிவிட்டு வெளியே வரும்போதே அவர் முகத்தைப் பார்த்து எனக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் நான் இன்னும் அக்கறையாகத் தலை வாரி, மஞ்சளைக் குழைத்து முகம் நிறையப் பூசி, குங்குமம் இட்டுக்கொண்டு வந்து உட்காருவேன். ஒவ்வொரு தடவையும் போன தடவையைவிட மோசமாக வரும்.

சாந்தோமில் என் சிநேகிதி ஒருத்தி டீச்சராக இருந்தாள். கான்வென்ட்டில் ஒன்றாகப் படித்தவர்கள். எங்கள் இருவருக்கும் ஒரே நிறம், ஒரே உயரம். அவள் கழுத்தில் சிலுவை, என் கழுத்தில் தாலி, அதுதான் வித்தியாசம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒரே பல்பு, ஒரே வேஷ்டி, ஒரே நாற்காலியில் இருவரையும் ஒருவர் மாற்றி ஒருவராக எடுத்தார். அவள் பளிச்சென்று சிரித்தாள். நான் வழக்கம்போல இருட்டில் இருந்தேன்.

அடுத்த வாரம் இரண்டு படத்தையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். "இன்னாடி இது, உன் கை மட்டும் என் கை மாதிரியே கீது, மூஞ்சி வேற யாரோடதோ" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்த படம் அது. அவள் சொன்ன பிறகு நானும் பார்த்தேன். கை தெளிவாக இருந்தது. கை தொட்டுக்கொண்டிருந்த கன்னம் கறுப்பு. ஒரே வெளிச்சம், ஒரே உடம்பு.

அவளை அனுப்பிவிட்டுச் சமையலறைக்குப் போனேன். கல்லில் மஞ்சளை இழைத்து இடது முழங்கையில் ஒரு பட்டையாகப் பூசிக்கொண்டு வந்து, "இதை எடுங்கோ" என்றேன்.

"கையையா? பிலிம் வீணாப் போகும்."

"போகட்டும். உங்க பால்காரர் மாட்டையே எடுத்தேளே, என் கையை எடுத்தா என்ன?"

எடுத்தார். கழுவிக்கொண்டு வந்தபோது ஈரப் படத்தை எனக்கு முன்னால் நீட்டினார். கையில் கறுப்பு வளையல் போட்டாற்போல் ஒரு பட்டை. அவர் தலையில் அடித்துக்கொண்டார். "சிவப்பு வெளிச்சத்துல வச்சுக் கழுவறேனே, இந்த பிலிமுக்குச் சிவப்பு தெரியாதுன்னு தெரிஞ்சுதானே கழுவறேன். மஞ்சளுக்கும் அது அரைக்குருடுன்னு தோணலையே." எல்லா நிறத்தையும் பார்க்கிற உசத்தி பிலிமுக்கு ஊரெல்லாம் அலைந்தார். அப்போது எந்தக் கடையிலும் அது இல்லை. மூர்மார்க்கெட்டில் மலிவாகக் கிடைத்த இதுதான் இருந்தது.

நான் அதுவரை எடுத்த படங்களை எல்லாம் கூடத்துத் தரையில் பரப்பினேன். தெளிவாக இருந்தவர்கள் ஆண்கள், குழந்தைகள், என் சிநேகிதி. பிறகு மாமியார், அவர் பெட்டியிலிருந்து வாங்கி வைத்த படத்தில். என் அளவுக்கு இல்லாவிட்டாலும் மங்கிக் கிடந்தவர்கள் அத்தனை பேரும் மஞ்சள் குளித்துவிட்டு வந்த சுமங்கலிகள். சந்தோஷப்பட வேண்டிய நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். முகம் தெரிய வேண்டுமானால் மாமியாரைப் போல வெறும் முகத்தோடு உட்கார வேண்டும். பிள்ளை சுமக்கிறவள், அதுவும் என் பயம் என்னவென்று எனக்குத் தெரிந்திருக்கும்போது, மஞ்சளை அழித்துக்கொண்டு போய் உட்கார மனசு வரவில்லை.

அவருக்கு இதெல்லாம் புரியவில்லை. "ஒரு நாள் மஞ்சள் பூசாட்டா என்ன" என்று சாதாரணமாகச் சொன்னார். ஒரு முறை முறைத்தேன். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த மாசம் வளைகாப்பு நடந்தது. கூடம் நிறையப் பெண்கள், கை நிறைய வளையல். மாமியார் வழக்கப்படி பின்கட்டிலேயே இருந்தார், முன்னால் வரவில்லை. மறுநாள் சாயங்காலம் பெரியம்மா வந்து என்னைக் கோபாலபுரத்துக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. அன்று காலையில் நான் குளித்துவிட்டு மஞ்சள் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தவள், உட்கார்ந்தபடியே இருந்தேன். மாமியார் வந்து பக்கத்தில் நின்றார். படங்களைத் தரையில் பரப்பிய அன்று அவரும் பார்த்திருக்கிறார். அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"என் மூஞ்சி ஏன் அத்தனை நன்னா விழுந்துதுன்னு எனக்கும் புரிஞ்சுதுடி" என்றார். குரலில் வருத்தம் இல்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இங்க பாரு. மஞ்சளைக் கால்ல பூசிக்கோ. தாலியில பூசிக்கோ. மூஞ்சியை மட்டும் சீயக்காய் போட்டு அலம்பிண்டு குங்குமம் இட்டுக்கோ. படம் இடுப்பு மட்டுந்தானே. ஸ்வாமிக்குக் கால் தெரியும். காமிராவுக்கு மூஞ்சி தெரியட்டும்."

காலில் கணுக்கால் வரைக்கும் தாராளமாகப் பூசிக்கொண்டேன். முகத்தை அலம்பிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் வேஷ்டியைச் சரிபண்ணி, பல்பைப் போட்டுவிட்டுத் தாம்பாளத்தைத் தேடினார். எப்போதும் அதைப் பிடிக்கிறவள் நான். நான்தான் நாற்காலியில் இருக்கிறேனே.

"கொண்டா" என்று மாமியார் வாங்கிக்கொண்டார்.

முதல் நாள் நல்ல காரியம் என்று பின்கட்டில் இருந்தவர் எனக்கு நேர் எதிரே நின்று, இரண்டு கையாலும் தாம்பாளத்தைத் தூக்கிப் பிடித்து, என் முகத்தில் வெளிச்சத்தை விழவைத்தார். பிள்ளை "சாய்ம்மா, ஆடாதே" என்று அதட்டினார். "எல்லாம் தெரியும், நீ எடுடா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் நிறைந்துவிட்டது. அவர் அந்த நேரம் பார்த்துத்தான் எடுத்தார்.

படத்தை அடுத்த வாரம் கோபாலபுரத்துக்குக் கொண்டுவந்தார். பெரியம்மா வாங்கிப் பார்த்தாள். வாசலுக்கு வெளிச்சத்தில் எடுத்துக்கொண்டு போய் மறுபடியும் பார்த்தாள். "அவளேதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்குத்தான் நான் என் அம்மாவைப் பார்த்தேன்.

பிரசவம் சுகமாக ஆயிற்று. பெண் குழந்தை. மைலாப்பூருக்குத் திரும்பியபோது கல்யாணப் படத்தைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் இந்தப் படத்தை மாட்டியிருந்தார் மாமியார். அதற்கு நேர் கீழேதான் தூளி. தெருப் பெண்கள் எல்லோரும் காலில் மஞ்சள் பூசிக்கொண்டு முகத்தை அலம்பிக்கொண்டு படம் எடுக்க வந்தார்கள். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் தாம்பாளம் பிடித்தேன்.

குழந்தைக்குப் பேச்சு வந்த புதிது. ஒருநாள் மாமியார் இடுப்பில் இருந்தபடி சுவரில் இருந்த படத்தை நோக்கிக் கையை நீட்டி "அம்மா" என்றாள். நான் சமையலறையில் மஞ்சள் முகத்தோடு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். நான் இல்லாத நாளில் குழந்தை கூப்பிடட்டும் என்று எடுத்த படம் அது.

"என்னடி கண்ணு" என்று கேட்டுக்கொண்டே எழுந்து வந்தேன்.