ஐம்பதாவது கிலோமீற்றர்

மாலை 6.52. கரவானின் கதவை வெளியிலிருந்து பூட்டினேன். உள்ளே லவினியா படுத்திருந்தாள்.

இதை நான் யாரையும் நம்பவைக்க எழுதவில்லை. நடந்தது. என் கைத்தொலைபேசியில் அன்றைய அழைப்புப் பட்டியல் இன்னும் இருக்கிறது. நான் அதை அழிக்கவில்லை.

லவினியா என் மனைவி. புற்றுநோய் அவளுடைய முதுகெலும்புக்கு இறங்கியிருந்தது. ஐந்து நிமிடம் கூட உட்கார முடியாது. மறுநாள் சனிக்கிழமை ஜேர்மனியின் கேவலார் மாதா கோவிலில் தமிழ்த் திருப்பலி. ஆவணியில் மாதாவின் முன்னால் வருவேன் என்று அவள் நேர்த்தி வைத்திருந்தாள். அடுத்த ஆவணியைப் பற்றி வைத்தியர் எதுவும் சொல்லவில்லை.

"இருந்து வர ஏலாது. படுத்தபடி எண்டாலும் கொண்டு போங்கோ" என்றாள்.

அவளுடைய தம்பியின் கரவான் ஹம் நகரில் எங்கள் வீட்டின் பின்னால் மூன்று வருடமாக நின்றது. காரில் கொழுவி இழுக்கும் சின்ன வீடு. உள்ளே இரண்டு கட்டில்கள். ஓடும்போது அதற்குள் ஆள் இருக்கக் கூடாது. சட்டம் தெரியும். வேறு வழி தெரியவில்லை.

வெள்ளி மதியம் முகுந்தைக் கூப்பிட்டேன். வாகனத் திருத்தகத்தில் வேலை செய்கிற பொடியன். டயரைப் பெருவிரலால் அழுத்தினான். அழுத்திய இடத்தில் மெல்லிய வெடிப்புகள் விரிந்தன.

"இந்த டயர் உங்கட வழுக்கைத் தலைக்கு நேரெதிர், அண்ணை. வெளியில வடிவாக் கிடக்கு. உள்ளுக்க ஒண்டுமில்லை."

"தேயவே இல்லையே?"

"நிண்டு நிண்டு செத்துப்போச்சு." பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினான். எத்தனையாம் கிழமை, எந்த வருடம். பன்னிரண்டு வயது. "இதில அக்காவை ஏத்தாதேங்கோ."

மூன்று கடைகளுக்கு அழைத்தோம். பாரம் தாங்கும் டயர் செவ்வாய்க்கிழமைதான் வரும் என்றார்கள்.

4.10க்குப் பழைய கரவான்களை உடைக்கும் இடத்தில் நின்றோம். புல்லுக்குள் டயரோடு கழற்றிய சில்லுகள் குவிந்து கிடந்தன. ஐந்து துளை வேண்டும். பாரத்துக்கான எண் பொருந்த வேண்டும். டயர் ஆறு வருடத்துக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் புரட்டினோம். ஒரே ஒரு சோடி பொருந்தியது. டயர் போன வருடத்தது.

வெயில் முப்பத்திரண்டு பாகை. மற்றச் சில்லுகள் கையைச் சுட்டன. அந்த இரண்டும் குளிர்ந்திருந்தன. நிழலில் கிடந்திருக்கும் என்று நினைத்தேன். அங்கே நிழல் இல்லை.

முகுந்த் பூட்டினான். போல்ட்டுகளை அளவுச் சாவியால் இறுக்கினான். குறித்த இறுக்கம் வந்ததும் ஒவ்வொன்றும் டிக் என்றது.

"ஐம்பது கிலோமீற்றரில நிப்பாட்டித் திருப்பி இறுக்குங்கோ. மாத்தின சில்லு இளகும். மறந்திடாதேங்கோ, அண்ணை."

"மறக்கமாட்டன்."

அளவுச் சாவியைக் காரில் வைத்தேன். கிலோமீற்றர் மானியைப் பூச்சியமாக்கினேன்.

6.55க்கு லவினியாவுக்கு அழைப்பெடுத்தேன். ஒலிபெருக்கியில் போட்டேன். கேவலார் வரை அழைப்பை வெட்டுவதில்லை என்று பேசியிருந்தோம். செபமாலை சொல்லிக்கொண்டு போவோம். ஒவ்வொரு செபத்திலும் முன்பகுதி நான். பின்பகுதி அவள்.

7.03. ஓட்டோபான் நெடுஞ்சாலை. எண்பதில் ஓடினேன்.

செபமாலையின் முதல் பத்துமணி, பத்து முறை மாதா செபம். அவள் ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் முனகினாள். ஒவ்வொரு முனகலுக்கும் நான் பல்லைக் கடித்தேன்.

இரண்டாம் பத்துமணி. முனகல் இல்லை.

குரல் தெளிவாக வந்தது. நான்கு மாதமாக நான் கேட்காத குரல். நோவில்லாத குரல்.

"லவினியா... நோ குறைஞ்சிட்டுதோ?"

"ஓம்."

மாதா வழியிலேயே கைவைத்துவிட்டாள் என்று நினைத்தேன். அழுதேன். அழுதபடி செபம் சொன்னேன்.

7.41. மானி ஐம்பது காட்டியது.

"நிப்பாட்டிச் சில்லைப் பாக்கட்டோ?"

"வேண்டாம். ஓடுங்கோ."

ஓய்விடம் ஒன்று வலப்பக்கம் கடந்தது. நான் திரும்பவில்லை. நோ இல்லாமல் இருக்கிறாள். நின்றால் அது திரும்பி வந்துவிடும் என்று பயந்தேன்.

7.48. டக்.

பிறகு கொஞ்ச நேரம் பின்னால் சத்தம் இல்லை.

டக்... டக்.

"அங்க ஏதும் சத்தம் கேக்குதோ?"

"இல்லை. சொல்லுங்கோ."

முன்பகுதியைச் சொன்னேன். நான் முடிக்க முன்னமே அவள் பதில் தொடங்கினாள். அடுத்ததில் இன்னும் முன்னால். மூச்சு எடுக்காமல்.

7.54. அடுத்த ஓய்விடம்.

"லவினியா, நான் நிப்பாட்டப் போறன்."

"ஓடுங்கோ."

அதே குரல். அதே அளவு. ஒரு மயிரிழை கூட மாறவில்லை.

டக். டக். டக்.

7.58. தொலைபேசி மணி அடித்தது.

ஒலிபெருக்கியில் அவளுடைய செபப் பதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது...

திரை ஒளிர்ந்தது.

லவினியா அழைக்கிறாள்.

அழுத்தினேன்.

"இஞ்சருங்கோ! ஐயோ... எத்தினை தரம் எடுத்திட்டன்! நிப்பாட்டுங்கோ! கட்டில் ஆடுது... நிப்பாட்டுங்கோ!"

முனகல். என் லவினியாவின் முனகல்.

ஓரத்துக்கு எடுத்தேன். நின்றது. இறங்கி ஓடினேன்.

இடது சில்லில் ஐந்து போல்ட்டில் நான்கு இல்லை. ஐந்தாவதைத் தொட்டேன். விரலோடு கழன்று வந்தது. ஐஸ் போல இருந்தது.

கதவைத் திறந்தேன். லவினியா கட்டில் விளிம்பைப் பிடித்தபடி கிடந்தாள்.

"முதல் பத்துமணியிலயே கட்டாகிட்டுது" என்றாள். "எடுக்க எடுக்க நீங்கள் வேற ஆரோடையோ கதைக்கிறியள் எண்டு காட்டினது. ஆரோட கதைச்சனீங்கள்?"

அழைப்புப் பட்டியலைப் பார்த்தேன். 6.55 முதல் 7.09 வரை ஒன்று. பிறகு 7.58. இடையில் எதுவும் இல்லை.

நான் அழைக்க, 9.20க்கு முகுந்த் திருத்தகத்து வான் வண்டியில் மெத்தை போட்டுக்கொண்டு வந்தான். அவளை மாற்றினோம். சனிக்கிழமை லவினியா மாதாவின் முன்னால் பதினொரு நிமிடம் படுத்திருந்தாள். நேர்த்தி முடிந்தது.

அந்தச் சில்லுகளை முகுந்த் கழற்றி, எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டான்.

புதன்கிழமை பிற்பகல் 3.15க்கு அங்கிருந்து அழைத்தான். லவினியாவும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டேன்.

"அண்ணை, இந்த உடைக்கிற இடத்துக்காரரிட்ட விசாரிச்சனான். இளவேனில்ல ஒரு கரவான் ஓட்டோபான்ல பிரண்டதாம். அதிலேர்ந்து கழட்டினதாம். அதுக்குள்ள, இழுத்துக்கொண்டு போன மனிசன்ர மனிசி படுத்திருந்தவவாம். வருத்தக்காரி. அவ செத்திட்டா."

ஒலியைக் கூட்டினேன்.

"அந்த மனிசன் பிறகு இஞ்ச வந்து அழுதவராம். 'நான் நிப்பாட்டப் பாத்தனான், போன்ல அவதான் ஓடு ஓடு எண்டவ' எண்டு."

"ம்."

"அண்ணை... அவவின்ர போன் வீட்டு மேசையில கிடந்ததாம். கொண்டு போகவே இல்லையாம்."

லவினியா கட்டிலில் இருந்து கையை நீட்டித் தொலைபேசியை வாங்கினாள்.

"தம்பி, அந்த ரெண்டு சில்லும் இப்பவும் அங்கதானே கிடக்கு? ஆரும் வாங்கிக்கொண்டு போகேல்லைத்தானே?"