விற்க இருந்த காரும் இரண்டு ஸ்ட்ரட் மவுண்டும்

டொய்ங்...

வண்டி நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் இடது முன்பக்கத்திலிருந்து அப்படித்தான் ஒரு சத்தம் வரும். இரும்புக் கட்டிலின் ஸ்பிரிங்கை யாரோ இழுத்து விட்டதுபோல. கேட்டால் எனக்குப் பல் கூசும்.

எங்களுக்குக் கல்யாணமான முதல் வருடம் அது. அதியமான்கோட்டையில் ஹைவே ஓரமாக என் கணவர் செந்திலுக்கு எலக்ட்ரிக்கல் கடை. எனக்கு ஏரியூரில் நர்ஸ் வேலை. ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால் பல நாள் பஸ்ஸே இருக்காது. அதற்காகத்தான் அந்தப் பழைய வெள்ளைக் காரை வாங்கினோம். நான் ஓட்டப் பழகியதும் அதில்தான்.

மழைக்காலம் முடிந்ததும் தொல்லை ஆரம்பித்தது. குழியில் இறங்கினால் டொக். வளைவில் திருப்பினால் ஸ்டீயரிங் தானாக நேராகாது, நான்தான் இழுத்துக்கொண்டு வரவேண்டும். பென்னாகரம் ரோட்டைத் தாண்டுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும்.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் ரேக்கே போய்விட்டது, மாற்றுவதைவிட வண்டியை விற்பது மேல் என்றார்கள்.

செந்தில் பேசி முடித்துவிட்டார். திங்கட்கிழமை வாங்குகிறவர் வருவதாக ஏற்பாடு. சாப்பிடும்போதுதான் என்னிடம் சொன்னார்.

"நீ ஏரியூர்லயே ஒரு ரூம் பார்த்துக்க. லீவு நாள்ல வூட்டுக்கு வந்துட்டுப் போ."

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் தனித்தனி வீடா என்று நினைத்துக்கொண்டே தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் காரைக் கழுவினோம். அழுக்கோடு கொடுக்க எனக்கு மனசில்லை. சக்கரத்துக்கு உள்பக்கம் சேறு அப்பியிருந்தது. ஹோஸ் பைப்பை அங்கே நுழைக்க வசதியாக, ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பச் சொன்னேன்.

அவர் திருப்பினார். நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சக்கரம் திரும்பியது. சக்கரத்துக்கு மேலே நிற்கும் அந்தப் பெரிய ஸ்பிரிங்கின் கீழ்ப்பகுதியும் கூடவே திரும்பியது. மேல்முனை மட்டும் பிடிவாதமாக அப்படியே நின்றது. முறுக்கிக்கொண்டே போய்... திடீரென்று ஒரு குதி.

டொய்ங்.

பைப்பைக் கீழே போட்டுவிட்டேன். தண்ணீர் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. "இன்னொரு தடவை திருப்புங்க" என்றேன். திருப்பினார், அதே குதி. எதிர்ப்பக்கம் திருப்பச் சொன்னேன், அதே. அவர் இறங்கி வந்து குனிந்துகொள்ள, நான் ஏறி உட்கார்ந்து திருப்பினேன். அவர் நிமிர்ந்தபோது முகமே மாறியிருந்தது.

பானெட்டைத் திறந்தோம். ஸ்பிரிங் போய்ச் சேரும் இடத்தில் மேலே வட்டமாக ஒரு ரப்பர், காய்ந்த ஏரிமண் மாதிரி வெடித்துக் கிடந்தது. சத்தம் கேட்டு என் மாமியார் வெளியே வந்தார். காரின் அந்த முன்மூலையை அழுத்தி அழுத்தி விடச் சொன்னோம். அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முழு பலத்தையும் போட்டு அழுத்தினார். கையை எடுக்கும் போதெல்லாம் அந்த ரப்பர் எழும்பி எழும்பி அமுங்கியது.

"இது என்னா கண்ணு, மூச்சு வாங்கற மாதிரி இருக்குது?" என்றார் அத்தை.

அத்தனையையும் வீடியோ எடுத்து மாதேஷுக்கு அனுப்பினோம். செந்திலோடு படித்தவர். ஓசூர் வேலையை விட்டுவிட்டு அப்போதுதான் நல்லம்பள்ளியில் ஒர்க்‌ஷாப் போட்டிருந்தார். உடனே போன் வந்தது.

"ரேக்குக்கு ஒன்னும் ஆவலடா. ஸ்ட்ரட் மவுண்ட், மேல வெடிச்சிருக்குதே அந்த ரப்பர், அதுதான் போயிருக்குது. அதுக்குள்ள ஒரு பேரிங் இருக்கும், அது இறுகிடுச்சி. காலைல மெதுவா ஓட்டிக்கிட்டு வாங்க."

அத்தை அன்றைக்குச் சாப்பாடு போடும்போதுகூட அந்த ரப்பரைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருந்தார்.

காலையில் மூவரும்தான் கிளம்பினோம். அத்தையை விட்டுவிட்டுப் போக முடியவில்லை, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

மாதேஷ் வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, ஸ்பிரிங் சுற்றியிருக்கும் அந்த ஸ்ட்ரட் கம்பத்தை முழுசாக இறக்கினார். பிறகு ஸ்பிரிங்கை இரண்டு பக்கமும் கொக்கி போட்டு இறுக்க ஆரம்பித்தார். அதை அமுக்காமல் நடு நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் தெறித்து ஆளையே அடித்துவிடுமாம். எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். சுவரோரமாக ஒதுங்கி நின்றோம்.

நட்டு கழன்றது. மவுண்டை எடுத்து என் கையில் கொடுத்தார். பேரிங்கைத் திருகிப் பார்த்தேன், அசையவே இல்லை. துருதான் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மாதேஷ் வாங்கி வைத்திருந்த புதியதை எடுத்துச் சுற்றினேன்... வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. பத்து வயதுப் பிள்ளை மாதிரி அதைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

ஒரு பக்கம் போனால் மறுபக்கமும் ரொம்ப நாள் தாங்காது என்று சொல்லி, வலது பக்கமும் மாற்றினார். முடிந்ததும் தர்மபுரிக்குப் போய் வீல் அலைன்மென்ட் பார்த்தோம்.

வீட்டுக்குத் திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். ஒரு வளைவில் திருப்பிவிட்டுப் பிடியைத் தளர்த்தினேன். ஸ்டீயரிங் தானாகச் சுழன்று நேராக வந்தது. சிரித்துவிட்டேன். பின்சீட்டிலிருந்து செந்தில், வண்டியை வாங்க இருந்தவருக்குப் போன் போட்டார்.

"மன்னிச்சுக்குங்க. வண்டி குடுக்கறதில்லைங்க. வூட்ல ஓட்டறாங்க."

அந்தக் காரில் இன்னும் பல வருடம் ஏரியூர் போய் வந்தேன்.

இப்போது தர்மபுரியிலேயே வேலை. புது கார். நல்ல கார், குறை சொல்ல ஒன்றுமில்லை. சர்வீஸ் நாள் வந்தால் மெசேஜ் வரும். ஆளே வந்து எடுத்துப்போய், கழுவித் துடைத்துக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். பானெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று நாங்கள் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. கடையும் பெரிதாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமையும் திறக்கிறார். ராத்திரி அவர் வருவதற்குள் பல நாள் நான் தூங்கிவிடுகிறேன்.

நேற்றும் சர்வீஸ் மெசேஜ் வந்தது. ஆள் வேண்டாம், நாங்களே கொண்டுவருகிறோம் என்று பதில் போட்டிருக்கிறேன். செந்திலிடம் கடைக்கு அரை நாள் லீவு விடச் சொல்லியிருக்கிறேன்.

அத்தை எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றுதான் கேட்டார்.