இரண்டரை லட்சத்துக்கு உள்ளே

ரேஷன் ஸ்மார்ட் கார்டை வாங்கியதும் துப்பட்டா நுனியால் ஒரு தேய் தேய்க்கிறார் சாமியா. ஜெகதாப்பட்டினத்துக் கார்டு என்றால் ஒரு மீன் செதிலாவது ஒட்டியிருக்கும். அது ஸ்கேனரில் விழுந்து எழுத்தை மறைத்தால் தாலுகா ஆபீசில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். "கழுவிட்டு வாங்கன்னு சொன்னா கேக்குறீங்களா?" என்று அவர் அதட்டாத ஆளே இந்த ஊரில் இல்லை. நானும் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான்.

துறைமுகச் சாலையில், ஐஸ் கம்பெனிக்கு எதிரே, பத்துக்கு எட்டடி இ-சேவை மையம் அவருடையது. வயது முப்பத்து நான்கு. கல்லூரியில் இரண்டு வருடம் படித்தவர். மூன்றாம் வருடத்தைப் பற்றிக் கேட்டால், "அத விடுங்க" என்பார்.

கல்லூரிகள் திறந்துவிட்டால் மற்ற வேலைகளை ஓரங்கட்டிவிடுவார். பிள்ளைகளின் உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. "கூட்டியும் போட மாட்டேன், கொறச்சும் போட மாட்டேன்" என்பார் சாமியா. கார் வைத்திருக்கும் ஒருவர் எழுபதாயிரம் என்று போடச் சொன்னபோது, "காருக்கு பெட்ரோல் யாரு போடுறா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

ஆனால் அவரை நிஜமாகவே கோபப்படுத்துவது கூட்டிச் சொல்லும் அப்பாக்கள்தான். எங்கள் கரையில் வருமானம் என்று கேட்டால் ஆண்களுக்கு வலை நிறைந்த நாள் மட்டுமே நினைவுக்கு வரும். போன வருடம் ஒருவர் அப்படிச் சொல்ல, சாமியாவும் அசந்துபோய்ப் பதிந்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கு உதவித்தொகை கிடைக்கவில்லை. இப்போது இறால் கம்பெனிக்குப் போகிறாள். அதைச் சொல்லும்போது சாமியாவின் முகத்தைப் பார்க்க முடியாது.

நேற்று நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது விசைப்படகுத் தொழிலாளி நாகராசு வந்தார். மகள் கார்த்திகாவுக்குப் புதுக்கோட்டைக் கல்லூரியில் இரண்டாம் வருடம். உதவித்தொகை வராவிட்டால் படிப்பை நிறுத்துவதென்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். சான்றிதழ் கொடுக்க இன்னும் ஒரு வாரம்தான் கெடு.

"மாசம் நாப்பதாயிரம்னு போடும்மா."

"எத்தனை மாசத்துக்குண்ணே? தடைக்காலத்துல ரெண்டு மாசம் படகெல்லாம் கரையில கெடக்கு. மிச்ச நாள்லயும் வாரத்துக்கு மூணு நாள்தான் கடலுக்குப் போறீங்க. காத்தடிச்சா அதுவும் இல்ல."

"நாந்தான் சொல்றேன்ல. போடும்மா."

"போடலாம். அப்புறம் கார்த்திகா வீட்டுலதான் இருக்கணும்."

நாகராசு வாசல் பக்கம் பார்த்தார். வரிசையில் மூன்றாவதாக நின்றவர் ஆத்மநாதன். தன் மகனுக்குக் கார்த்திகாவின் அக்காவைப் பெண் கேட்டிருப்பவர். ஆள் வெளியே நின்றாலும் காது உள்ளேதான் இருந்தது. எனக்கே தர்மசங்கடமாகிவிட்டது.

சாமியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கீபோர்டை நாகராசு பக்கம் திருப்பி வைத்துக் குரலைத் தாழ்த்தினார். "வருசத்துல உண்மையா கைக்கு வந்தது எவ்வளவோ அத நீங்களே அடிங்கண்ணே. வாயால சொல்ல வேணாம்."

எழுந்து போய், கதவுச் சட்டத்தின் இருபுறமும் கைகளை ஊன்றி வழியை அடைத்து நின்றுகொண்டார்.

"என்னம்மா, லேட்டாகுமா?" என்று ஆத்மநாதன் எட்டிப் பார்த்தார்.

"சர்வர் மெதுவா இருக்குங்க" என்றார் சாமியா. முதுகுக்குப் பின்னால் ஒற்றை விரல் ஒவ்வொரு எண்ணாகத் தட்டும் சத்தம் ஓயும்வரை அவர் கைகளை எடுக்கவில்லை.