கண்ணாடி வழியே வந்த வெயில்

இரண்டு வயது தேவி சுவரைப் பிடித்து எழுந்து நின்றபோதுதான் கவனித்தேன். இரண்டு கால்களும் முழங்காலில் வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. தொண்ணூறுகளில் பெருந்துறைப் பக்கம் ஒரு நூற்பாலையின் குழந்தைகள் காப்பகத்தில் நான் நர்ஸ். தேவியின் அம்மா சரோஜாவுக்கு ஸ்பின்னிங் பிரிவில் வேலை. அவள் ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். அதுவரை குழந்தை என் பொறுப்பு.

என் காப்பகத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. பஞ்சுத் தூசியில் குழந்தைகள் இருமக் கூடாதென்று மேனேஜரிடம் மல்லுக்கட்டி, எல்லாச் சன்னலுக்கும் கண்ணாடி போட வைத்தவள் நான். கதவைத் திறந்து வைத்தால் ஆயாவுக்குத் திட்டு விழும். காலையில் ஹால் முழுக்க வெயில் அடிக்கும். அதில்தான் பாய் விரித்துக் குழந்தைகளை உட்கார வைப்போம்.

வேலைக்குப் போனதால் வந்த வினை இது, நின்றுவிடு என்று சரோஜாவின் மாமியார் சொல்லிவிட்டார். கணவர் விபத்தில் அடிபட்டுப் படுத்திருந்தார். அவள் நின்றால் வீட்டில் அடுப்பெரியாது.

“ஏனுங் சிஸ்டர், நான் வேலைக்கு வந்ததாலதான் புள்ளைக்கு இப்பிடி ஆயிப்போச்சுங்களா?” என்று கேட்டாள்.

சரோஜாவையும் தேவியையும் ஈரோட்டில் குழந்தை டாக்டரிடம் கூட்டிப்போனேன். எக்ஸ்ரே பார்த்துவிட்டு, வைட்டமின் டி பற்றாக்குறை, எலும்பு வலுக்கவில்லை என்றார். பகலில் குழந்தைமேல் வெயில் படுகிறதா என்று கேட்டார். எங்கள் ஹாலில் வெயிலுக்குப் பஞ்சமே இல்லை என்று நான் முந்திக்கொண்டேன்.

“சன்னல்ல கண்ணாடி இருக்குதுங்களா?” என்றார். ஆமாம் என்றேன்.

“வெளிச்சம் வருமுங்க சிஸ்டர். எலும்புக்கு வேண்டியத கண்ணாடி தடுத்துப்போடும்.”

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மறுநாள் வேலையை விடுவதாக எழுதிக் கொடுக்கப்போவதாகத் திரும்பும் பஸ்ஸில் சரோஜா சொன்னாள்.

“அம்மணி, உன்ற மேல தப்பே இல்ல. சன்னலையும் கதவையும் சாத்துனது நானு. வேலைய உட்டுப்போடாத,” என்றேன். மாமியாரிடமும் போய் இதையே சொன்னேன். அவர் திட்டியதையெல்லாம் நின்று கேட்டுக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து, தூசி வராத பின்பக்க வாசலில் பாய் போட்டோம். பிள்ளை கறுத்துவிடும் என்று இரண்டு அம்மாக்கள் சண்டைக்கு வந்தார்கள். உட்கார வைத்து விளக்கினேன். டாக்டர் கொடுத்த மருந்தும் வெயிலுமாகச் சில மாதங்கள் போயின. ஒரு சாயங்காலம், ஷிப்ட் முடிந்து வந்த சரோஜாவைப் பார்த்துத் தேவி எதையும் பிடிக்காமல் நாலு எட்டு வைத்தாள். சரோஜா சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும்தான்.

இந்த வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். குழந்தைக்கு ஒன்று என்றால், அம்மாவைக் கேள்வி கேட்கும் முன் நீங்கள் சாத்தி வைத்த கதவைப் போய்ப் பாருங்கள்.